எண்ணெய் நாட்டின் எண்கள்: நைஜீரியாவின் கணக்கை எப்படிப் படிப்பது?

2014 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. நைஜீரியாவின் தலைநகர் அபுஜாவில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முந்தைய நாள் வரை சுமார் 27,000 கோடி டாலர் என்று சொல்லப்பட்டுவந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி, உண்மையில் சுமார் 51,000 கோடி டாலர் என்றது அந்த அறிவிப்பு. 89 சதவீத உயர்வு. ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவைத் தாண்டி ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது நைஜீரியா. அதற்காகப் புதிதாக ஓர் எண்ணெய்க் கிணறு தோண்டவில்லை, ஓர் ஆலை திறக்கவில்லை. கணக்குப் போடும் முறை மாறியிருந்தது.

2025 ஜூலையில் அதே அலுவலகம் கணக்கை மறுபடியும் புதுப்பித்தது. இந்த முறையும், நினைத்ததைவிடப் பொருளாதாரம் பெரிது என்றே தெரியவந்தது. ஆனாலும் 2024-ஆம் ஆண்டின் ஜிடிபி டாலரில் 24,300 கோடிதான். நைராவில் பார்த்தால் 2013-ல் 80 லட்சம் கோடி, 2024-ல் 373 லட்சம் கோடி. உள்ளூர்ப் பணத்தில் நாலரை மடங்கு கூடியிருக்கிறது, டாலரில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு கணக்கும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவைதான்.

சரி, இதில் எதை நம்புவது? இந்த நாட்டின் பொருளாதாரச் செய்திகளைப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். எனக்குப் படுவது இது: எண்ணெய் விற்று நடக்கும் நாட்டில் ஒவ்வொரு புள்ளிவிவரத்தையும் காட்டி யாரோ ஒருவர் பங்கு கேட்கிறார். மாநிலங்கள் தலை எண்ணிக்கையைக் காட்டி நிதி கேட்கின்றன. அரசு பீப்பாய்க் கணக்கைக் காட்டி எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கில் உற்பத்தி ஒதுக்கீடு கேட்கிறது. பெட்ரோல் இறக்குமதி செய்தவர்கள் லிட்டர் கணக்கைக் காட்டி மானியம் கேட்டார்கள். அதனால் ஓர் எண்ணைப் பார்த்ததும் அது எவ்வளவு என்பதோடு, அதை எந்த இடத்தில் அளந்தார்கள், அளந்ததை வைத்து யாருக்குப் பணம் போனது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்டால் நைஜீரியாவின் கணக்குகள் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பிக்கும்.

1990-ன் கண்ணாடி

முதலில் அந்த 89 சதவீதம். ஜிடிபியைக் கணக்கிட ஓர் அடிப்படை ஆண்டு வேண்டும். அந்த ஆண்டில் எந்தெந்தத் தொழில் எவ்வளவு பெரிது என்று விரிவாக அளந்து வைத்துக்கொண்டு, பிறகு வரும் ஆண்டுகளை அதன்மேல் கட்டுவார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை. நைஜீரியாவில் 1990-ஐ அடிப்படையாக வைத்த கணக்கே 2014 வரை ஓடியது.

1990-ல் நைஜீரியாவில் மொத்தமே சில லட்சம் தொலைபேசி இணைப்புகள்தான். 2001-ல் செல்போன் சேவை வந்தது. 2013-க்குள் இணைப்புகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. லாகோஸ் தெருவில் குடை விரித்து ரீசார்ஜ் அட்டை விற்ற பெண்மணி முதல், கோபுரத்துக்கு டீசல் ஊற்றிய ஆள் வரை எத்தனையோ பேர் அதில் பிழைத்தார்கள். பழைய கணக்கில் இந்தத் துறை மொத்தமும் ஜிடிபியில் 1 சதவீதத்துக்கும் குறைவு. புதுக் கணக்கில் 8.7 சதவீதம். நாலிவுட் என்று உலகம் அழைக்கும் திரைப்படத் தொழிலுக்குப் பழைய கணக்கில் தனி இடமே கிடையாது. அப்புறம், கணக்கெடுப்புக்காக அணுகிய நிறுவனங்களின் எண்ணிக்கையையும் ஏறத்தாழ 10 மடங்காக்கினார்கள். கண்ணில் படாமல் இருந்த பட்டறைகளும் பள்ளிகளும் கடைகளும் அப்போதுதான் கணக்கில் ஏறின.

இதை "அரசாங்கம் எண்ணைத் திரித்துவிட்டது" என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 24 ஆண்டுகள் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்ததுதான் தவறு, அதைக் கழற்றியது தவறில்லை. ஆனால் அந்த மாற்றம் எதையெல்லாம் தொட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிடிபி என்பது நிறைய விகிதங்களுக்குக் கீழ் எண். கீழே இருக்கும் எண் ஏறத்தாழ இரட்டிப்பானதும் ஜிடிபியில் கடன் இவ்வளவு சதவீதம் என்ற கணக்கு பாதிக்கு இறங்கியது. இன்னும் கடன் வாங்கலாம் என்ற தைரியம் வந்தது. கூடவே ஜிடிபியில் வரி இவ்வளவு சதவீதம் என்ற கணக்கும் பாதிக்கு இறங்கியது. நாட்டில் நடக்கும் தொழிலில் அரசு எவ்வளவு சொற்பமாக வரி வசூலிக்கிறது என்பது அம்பலமானது. எண்ணெய்ப் பணம் வந்துகொண்டிருந்தவரை வரி வசூலிப்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதுதான் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த விஷயம்.

இன்னொன்றும் தெரிந்தது. பழைய கணக்கில் எண்ணெயும் எரிவாயுவும் ஜிடிபியில் 32 சதவீதம், புதுக் கணக்கில் 14 சதவீதம். பிறகு உற்பத்தியும் சரிந்ததால் அண்மை ஆண்டுகளில் எண்ணெய்த் துறையின் பங்கு 5, 6 சதவீதத்தைச் சுற்றியே இருந்திருக்கிறது.

5 சதவீதம் எப்படி ஒரு நாட்டையே ஆட்டும்?

இந்த 5, 6 சதவீதத்தைப் பார்த்து "நைஜீரியா எண்ணெயை நம்பி இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. நம் ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் வயலில் பாடுபடுகிறார்கள், ஒரு மகன் வளைகுடாவில் இருக்கிறான். வீட்டில் நடக்கும் உழைப்பில் பெரும்பங்கு அந்த ஐந்து பேருடையது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு, வங்கிக் கடன் தவணை, தங்கைக்குக் கல்யாணம் என்று வந்தால் எல்லோரும் அவன் அனுப்பும் பணத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். நைஜீரியாவுக்கு எண்ணெய் அந்த மகன். ஏற்றுமதி வருமானத்தில் 80, 90 சதவீதம் எண்ணெயும் எரிவாயுவும்தான். மத்திய அரசும் 36 மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும் பணத்திலும் நெடுங்காலமாகப் பெரிய துண்டு அதிலிருந்தே வந்தது.

2014 ஜூனில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 115 டாலரை எட்டியது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்த 2016-ல் நைஜீரியப் பொருளாதாரம் 1.6 சதவீதம் சுருங்கியது. 25 ஆண்டுகளில் அதுதான் முதல் சுருக்கம். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் டாலர் வரத்து நின்றதும் தையல் ஆலைக்கு நூல் இல்லை, மருந்துக் கம்பெனிக்கு மூலப்பொருள் இல்லை, விமான நிறுவனங்கள் நைராவில் வசூலித்த டிக்கெட் பணத்தை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப முடியவில்லை. ஜிடிபி பங்கு என்ற எண் இந்தச் சங்கிலியைக் காட்டாது. அதைப் பார்க்க வேண்டுமானால் அந்நியச் செலாவணிக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போனால் இன்னொரு சிக்கல். ஒரு டாலருக்கு எத்தனை நைரா? 2016 ஜூன் வரை மத்திய வங்கி 197, 199 என்று பிடித்துவைத்திருந்தது. அப்போது தெருவில் 300-க்கும் மேல். பிறகு இறக்குமதியாளருக்கு ஒரு விலை, முதலீட்டாளருக்கு ஒரு விலை, ஹஜ் பயணிக்கு ஒரு விலை என்று பல விலைகள் ஒரே நேரத்தில் ஓடின. குறைந்த விலையில் மத்திய வங்கியிடம் டாலர் வாங்கி, வெளியே அதிக விலைக்கு விற்க வழி இருந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே லாபம். அந்த ஆண்டுகளில் நைரா ஜிடிபியை அதிகாரபூர்வ விலையால் வகுத்து டாலரில் சொன்னார்கள். பாதிப் பேர் அந்த விலையைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அந்த 51,000 கோடிக்குள்ளும் நைராவைத் தூக்கிப்பிடித்திருந்த எண்ணெய் விலை ஒளிந்திருந்தது.

புதிய அதிபர் போலா டினுபு பதவிக்கு வந்த கையோடு, 2023 ஜூனில் இந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. ஒரு டாலருக்கு 470-ஐ ஒட்டி இருந்த நைரா சில நாட்களில் 750-ஐ நெருங்கியது. 2024-ல் 1,500. ஆலைகளும் வயல்களும் அப்படியே இருக்க, டாலர் ஜிடிபி மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போன மாதிரித் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் முதல் இடம் போய் நான்காம் இடம் வந்தது. இதில் எது பொய் என்று கேட்டால், பழைய டாலர் கணக்குதான் ஊதிக் காட்டியது என்பேன். ஆனால் புதிய கணக்கிலும் மக்களின் வலி முழுதாகத் தெரியாது. லாகோஸில் ஒரு மூட்டை அரிசி வாங்குகிறவருக்கு ஜிடிபி நான்காம் இடமா, முதல் இடமா என்பது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு பீப்பாயை எங்கே அளக்கிறார்கள்?

பெட்ரோல் பங்கில் தரைக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குள் நீளக் கம்பியை விட்டு எடுத்து, எண்ணெய் எவ்வளவு நிற்கிறது, அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊழியர் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். போனி முனையத்திலும் அடிப்படையில் அதே வேலைதான், அளவுதான் பிரம்மாண்டம். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் போனியில் கச்சா எண்ணெயைப் பெரிய தொட்டிகளில் சேர்த்துவைத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அளவெடுப்பார்கள். தொட்டியின் மேலிருந்து, முனையில் குண்டு கட்டிய எஃகு நாடாவை இறக்கி உயரம் பார்ப்பது பழைய முறை. அப்புறம் வெப்பநிலை எடுக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெய் சூட்டில் விரியும். எல்லாவற்றையும் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருத்திக் கணக்கிடுவார்கள். எண்ணெயில் கலந்திருக்கும் தண்ணீரையும் வண்டலையும் கழிப்பார்கள். விற்பவர், வாங்குபவர், அரசு என்று எல்லாத் தரப்பும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் கப்பல் புறப்படும். 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய் அந்தத் தாளில்தான் பிறக்கிறது.

இந்த அளவு நம்பகமானது. இரண்டு பக்கமும் பணம் இருப்பதால் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது கடினம். போதாக்குறைக்கு, வாங்கும் நாட்டின் சுங்கக் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2010-களில் நைஜீரியக் கச்சா எண்ணெயைப் பெருமளவு வாங்கிய நாடு இந்தியா. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் மலிவாக வரும்வரை அந்த நிலை நீடித்தது. அங்கே ஏறியதும் இங்கே இறங்கியதும் ஒத்துப்போகின்றனவா என்று யாரும் பார்க்க முடியும்.

சிக்கல் அதற்கு முந்தைய தூரத்தில்தான். கிணற்றிலிருந்து முனையத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய். ஒரே குழாயில் பல நிறுவனங்களின் எண்ணெய் கலந்து ஓடும். கிணற்றடியில் ஒழுங்கான மீட்டர் இல்லை, முனையத்தில் மட்டும் அளந்தால் போதாது என்று நைஜீரியாவின் சுரங்க, எண்ணெய்த் துறை வெளிப்படைத்தன்மை அமைப்பான நெய்ட்டி தன் தணிக்கைகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறது. 2007-ல் சட்டப்படி உருவான அமைப்பு அது. ஆப்பிரிக்காவில் இதுபோன்ற முயற்சிகளில் மிக மதிக்கத்தக்கது என்று நான் நினைக்கிறேன். எண்ணெய்க் கம்பெனிகள் கட்டினோம் என்று சொன்ன தொகையையும் அரசு பெற்றோம் என்று சொன்ன தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள்.

இப்போது "எண்ணெய்த் திருட்டு" என்று செய்திகளில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை லட்சம் பீப்பாய் களவு போகிறது என்பார்கள். அது கழித்தல் கணக்கில் கிடைப்பது. குழாயில் விட்டது இவ்வளவு, முனையத்தில் வந்தது இவ்வளவு, மிச்சம் திருட்டு. விட்டதையே சரியாக அளக்காதபோது அந்த மிச்சத்துக்குள் நிஜமான களவும் இருக்கும், ஒழுகலும் இருக்கும், மீட்டர் பிழையும் இருக்கும், கூட்டிச் சொன்னதும் இருக்கும். இதனால் திருட்டே இல்லை என்று ஆகாது. 2022-ல் ஃபோர்காடோஸ் ஏற்றுமதி முனையத்திலிருந்து கடலுக்குள் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கள்ளக் குழாய் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஒன்பது ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் ஓடியதாக அரசு எண்ணெய் நிறுவனமான என்.என்.பி.சி.யின் தலைவரே சொன்னார். 4 கிலோமீட்டர் குழாயைக் கடலுக்குள் போட நிபுணர்களும் படகும் வேண்டும். கையில் ஜெரிகேனோடு வரும் ஏழைப் பையன்கள் செய்த வேலை இல்லை அது.

2022 செப்டம்பரில் நாட்டின் கச்சா எண்ணெய் உற்பத்தி நாளுக்கு 10 லட்சம் பீப்பாய்க்கும் கீழே போனது. ஒரு காலத்தில் 24 லட்சம் எடுத்த நாடு. அந்த ஆண்டின் பட்ஜெட் 18.8 லட்சம் என்று எதிர்பார்த்துப் போடப்பட்டது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை 100 டாலரைத் தாண்டியிருந்த ஆண்டு அது. மற்ற எண்ணெய் நாடுகள் கொழித்தபோது நைஜீரியாவில் பல மாதங்கள் என்.என்.பி.சி. பொதுக் கணக்கில் ஒரு நைராகூடச் செலுத்தவில்லை. விற்க எண்ணெய் குறைவு, கையில் வந்ததையும் பெட்ரோல் மானியம் விழுங்கியது.

உற்பத்தி எவ்வளவு என்பதிலேயே இன்னொரு சச்சரவு உண்டு. ஒபெக் ஒதுக்கீடு கச்சா எண்ணெய்க்கு மட்டும்தான். எரிவாயுவோடு சேர்ந்து வரும் மிக லேசான எண்ணெயான கண்டன்சேட் அதில் சேராது. அதனால் நைஜீரிய அமைச்சர்கள் இரண்டையும் சேர்த்து ஓர் எண்ணைச் சொல்வார்கள், ஒபெக் அறிக்கையில் அதைவிட 2 லட்சம் குறைவாக இருக்கும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒபெக் தன் உறுப்பினர்கள் தாங்களாகத் தரும் கணக்கை மட்டும் நம்புவதும் இல்லை. கப்பல்களைப் பின்தொடர்ந்து கணிக்கும் வெளி நிறுவனங்களின் சராசரியைப் பக்கத்திலேயே வைத்து அச்சிடுகிறது. 2023 நவம்பரில் ஆப்பிரிக்க நாடுகளின் ஒதுக்கீட்டைப் பற்றிய தகராறில் ஒபெக் கூட்டமே சில நாட்கள் தள்ளிப்போனது. நைஜீரியா 15 லட்சம் பீப்பாய் ஒதுக்கீடு வாங்கிக்கொண்டு உள்ளே இருந்தது, அங்கோலா டிசம்பரில் வெளியேறியது.

குடிக்காத பெட்ரோல்

கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்யும் நைஜீரியா பல பத்தாண்டுகளாகப் பெட்ரோலை இறக்குமதி செய்தது. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா சுத்திகரிப்பு ஆலைகள் பெயருக்குத்தான் இருந்தன. இறக்குமதிப் பெட்ரோலை மானிய விலையில் விற்றார்கள். நாட்டின் தினசரி நுகர்வு சுமார் 670 லட்சம் லிட்டர் என்பது அரசின் கணக்கு. அந்த அளவுக்குத்தான் மானியம்.

2023 மே 29, பதவியேற்பு மேடையிலேயே மானியம் போய்விட்டது என்று அறிவித்தார் டினுபு. லிட்டர் 200 நைராவுக்கும் குறைவாக இருந்த விலை சில நாட்களில் 500-ஐ ஒட்டிப் போனது. அடுத்த மாதமே ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன தினசரி அளவு: சுமார் 484 லட்சம் லிட்டர். நாளுக்கு 180 லட்சம் லிட்டருக்கும் மேல் காணோம். விலை ஏறியதால் மக்கள் வண்டியை நிறுத்தியது ஒரு பகுதி. அண்டை நாடுகளான பெனின், கேமரூன், நைஜர் எல்லைகளைத் தாண்டிக் கடத்தப்பட்டது இன்னொரு பகுதி. பெனினில் சாலையோரம் கண்ணாடிக் குடுவைகளிலும் பாட்டில்களிலும் வரிசையாக வைத்து விற்ற பெட்ரோல் நைஜீரிய மானியத்தில் போனது. மூன்றாவது பகுதி, தாளில் மட்டும் ஓடிய பெட்ரோல்.

காரணம் எளிது. அந்த 670 லட்சம் லிட்டரை யாரும் வண்டிகளின் தொட்டியில் அளக்கவில்லை. கிடங்கிலிருந்து வெளியே போன டேங்கர் லாரிகளின் கணக்கு அது. கிடங்கின் வாசலைத் தாண்டியது எல்லாம் "நுகர்வு". வெளியே போனதாகக் காட்டினால் மானியம் கிடைக்கும் என்றால், வெளியே போனதாகக் காட்ட ஆள் இருக்காதா? வளரும் நாடுகளில் ஒருவருக்கு இவ்வளவு எரிபொருள் என்று ஒப்பிடும் அட்டவணைகளில் இந்த எண் பல ஆண்டுகள் இடம்பிடித்திருந்தது. அதை நம்பி ஆய்வு செய்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

2024-லிருந்து லாகோஸை அடுத்த லெக்கியில் நாளுக்கு 6.5 லட்சம் பீப்பாய் திறன்கொண்ட டாங்கோட்டே சுத்திகரிப்பு ஆலை ஓடுகிறது. இனி ஏற்றுமதிக் கணக்கில் கச்சா எண்ணெய் குறைந்தால் அது கெட்ட செய்தி என்று அவசரப்படக் கூடாது. உள்ளூர் ஆலைக்கே போயிருக்கலாம்.

வந்து சேராத டாலர்

மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த சனுசி லமிடோ சனுசி 2013 செப்டம்பரில் அதிபர் குட்லக் ஜொனாதனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எண்ணெய் விற்ற பணத்தில் 4,980 கோடி டாலர் மத்திய வங்கிக்கு வந்து சேரவில்லை என்பது அதன் சாரம். பிறகு கணக்குகளை ஒத்துப்பார்த்து 2,000 கோடி டாலருக்கு விளக்கம் இல்லை என்றார். 2014 பிப்ரவரியில் அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். அதன்பின் நடந்த தணிக்கை, என்.என்.பி.சி. குறைந்தது 148 கோடி டாலரைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றது.

4,980 எங்கே, 2,000 எங்கே, 148 எங்கே? சனுசி எடுத்துக்கொண்டது கப்பலில் ஏறிய எண்ணெயின் மதிப்பு. என்.என்.பி.சி. சொன்னது, அதிலிருந்து மானியம், குழாய்ப் பராமரிப்பு, இதர செலவு எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது. எதை எல்லாம் கழிக்கலாம் என்பதை அந்த நிறுவனமே தீர்மானித்துக்கொண்டது. முனையத்தில் அத்தனை பேர் கையெழுத்திட்டு அளந்த பீப்பாய், பணமாக மாறிய பிறகு ஒரே நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் போய்விட்டது. சனுசியின் கேள்வி அந்தப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னது. அதே மனிதர் ஏப்ரலில் வந்த 89 சதவீத உயர்வு அறிவிப்பின்போது பதவியில் இல்லை.

எரிவாயு

எரிவாயுவின் கதை இவ்வளவு குழப்பம் இல்லை, சுருக்கமாகவே சொல்லிவிடலாம். போனித் தீவில் 1999 முதல் திரவ எரிவாயு ஏற்றுமதி நடக்கிறது. ஆறு குளிர்விப்புத் தொடர்கள், ஆண்டுக்கு 2.2 கோடி டன் திறன். மூடிய கப்பலில் உறைகுளிரில் போகும் சரக்கைக் குழாயில் ஓட்டைபோட்டுத் திருட முடியாது. அதனால் அந்தக் கணக்கு சுத்தமாக இருக்கிறது.

வெளியே விற்காமல் எரித்துவிடும் வாயுதான் நெடுங்காலம் கணக்குக்கு வெளியே இருந்தது. எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவைப் பிடித்துவைக்கச் செலவு ஆகும் என்று கிணற்றடியிலேயே கொளுத்திவிடுவார்கள். நைஜர் கழிமுகத்தில் அந்தத் தீச்சுடர்களுக்குப் பக்கத்தில் வாழும் கிராமங்களில் இரவு முழுதும் வெளிச்சம், கூரையில் கரி. எரிப்பதை நிறுத்த 1984, 2008, 2020 என்று கெடு வைத்தார்கள், ஒவ்வொரு கெடுவும் கடந்துபோனது. கம்பெனிகள் எழுதிக்கொடுத்த அளவைத்தான் முன்பு நம்ப வேண்டியிருந்தது. இப்போது செயற்கைக்கோள்கள் இரவில் சுடரின் வெப்பத்தைப் பார்த்து எரிந்த அளவைக் கணிக்கின்றன, உலக வங்கி ஆண்டுதோறும் அதை வெளியிடுகிறது. அளப்பவருக்கும் பணத்துக்கும் தொடர்பில்லாத அபூர்வமான எண் இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

விலைவாசி, வேலை, தலைக்கணக்கு

மக்களை நேரடியாகத் தொடும் எண்களிலும் இதே மாற்றங்கள் நடந்தன. 2020-ன் கடைசிக் காலாண்டில் வேலையின்மை 33.3 சதவீதம். 2023-ன் முதல் காலாண்டில் 4.1 சதவீதம். வாரத்துக்கு 20 மணி நேரமாவது வேலை செய்தால்தான் வேலையில் இருப்பவர் என்ற விதியை மாற்றி, உலகத் தொழிலாளர் அமைப்பின் முறைப்படி ஒரு மணி நேரம் செய்தாலே போதும் என்று வைத்தார்கள். உலக ஒப்பீட்டுக்கு அது சரியான முறைதான். ஆனால் சிக்னலில் தண்ணீர்ப் பாக்கெட் விற்கும் பட்டதாரி வேலையில் இருப்பவராகிவிட்டார். உதவித்தொகை இல்லாத நாட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது வேலை இருக்கிறதா என்பதை அல்ல, அந்த வேலையில் எவ்வளவு கிடைக்கிறது என்பதை.

2024 டிசம்பரில் 34.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2025 ஜனவரியில் 24.48 சதவீதம். அங்கேயும் அடிப்படை ஆண்டு 2009-லிருந்து 2024-க்கு மாறியது, கூடையில் உணவுக்கு இருந்த எடை குறைந்தது. சந்தையில் எந்தப் பொருளும் விலை இறங்கவில்லை. இரண்டு எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள் என்று புள்ளியியல் அலுவலகமே எச்சரித்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மக்கள்தொகை. அபுஜாவில் மாதந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். நாட்டின் பொதுக் கணக்கில் சேர்ந்த பணத்தை அங்கேதான் பிரிப்பார்கள். எண்ணெய் வருமானத்தில் குறைந்தது 13 சதவீதம் எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு முதலில் போகும். மீதியில் மத்திய அரசுக்கு 52.68 சதவீதம், மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60. மாநிலங்களுக்குள் பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு 30 சதவீத எடை. நாடாளுமன்றத் தொகுதிகளும் தலை எண்ணிக்கைப்படிதான். ஆகவே ஒவ்வொரு தலையும் எண்ணெய்ப் பணத்தில் ஒரு பங்குச் சீட்டு.

இதனால்தான் அங்கே குடிக்கணக்கு எடுக்கும்போதெல்லாம் சண்டை. 1962-ல் எடுத்த கணக்கை ரத்து செய்தார்கள். 1963-ல் எடுத்ததை வழக்குமன்றம் வரை கொண்டுபோனார்கள். 1973-ல் எடுத்ததையும் ரத்து செய்தார்கள். 1991-ல் 8.9 கோடி என்று வந்தது. உலக அமைப்புகள் கணித்துவைத்திருந்ததைவிட 2 கோடிக்கும் மேல் குறைவு. அதுவரை "ஒருவருக்கு இவ்வளவு" என்று போட்ட எல்லாக் கணக்கையும் திருத்த வேண்டியதாயிற்று.

கடைசியாக 2006 மார்ச்சில் எண்ணினார்கள். ஊர் நடமாட்டத்தை நிறுத்தி, சந்தைகளை மூடி, எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லி எண்ணினார்கள். தகராறு வரும் என்று மதத்தையும் இனத்தையும் படிவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மொத்தம் 14 கோடி. வடக்கே கானோ மாநிலத்தில் 94 லட்சம், தெற்கே லாகோஸில் 90 லட்சத்துச் சொச்சம். லாகோஸ் அரசு அதை ஏற்கவில்லை. தாங்களே எண்ணிப் பார்த்ததில் 1.75 கோடி என்றார்கள். ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே மாநிலத்தை ஒரே காலத்தில் எண்ணிய இரண்டு கணக்குகள் அவை. 2023 மே மாதம் நடக்க வேண்டியிருந்த அடுத்த கணக்கெடுப்பைச் சில நாட்களுக்கு முன்பு தள்ளிவைத்தார்கள். இன்றுவரை நடக்கவில்லை.

ஐ.நா.வின் மதிப்பீடு இப்போது 23 கோடியை ஒட்டி. 24,300 கோடி டாலரை அதால் வகுத்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்குச் சற்று மேல். மேலே இருக்கும் எண்ணை இரண்டு முறை புதுப்பித்துவிட்டார்கள். கீழே இருக்கும் எண்ணுக்கு ஆதாரம் 2006-ல் வீடு வீடாக நிரப்பிய படிவங்கள்தான். அந்த வாரத்தில் பிறந்து அதே படிவத்தில் ஏறிய குழந்தைக்கு 2024 மார்ச்சில் 18 வயது ஆகி, வாக்களிக்கும் உரிமையும் வந்துவிட்டது.